அணைக்கக் கூடாத பெட்டி

எங்கள் வீட்டில் பேச்சு முற்றினால் கை நீளும். அவருக்கும் நீளும், எனக்கும் நீளும். கல்யாணமான புதிதில் இது சித்தூரில் இருக்கும் என் நைனாவின் காதுக்குப் போனபோது, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல, வுடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். குழம்பில் உப்பு, அவர் தங்கை கல்யாணத்துக்கு நான் எடுத்த புடவை என்று சில்லறைச் சண்டைகள் எத்தனையோ. ஆனால் ரத்தம் பார்த்த சண்டை எல்லாம் அந்த வால்வு பெட்டியால் வந்தவைதான்.

வால்வு பெட்டி என்று நான்தான் சொல்வேன். என் புருஷன் ஆம்ப்ளிபையர் என்பார். இப்போது கடையில் கிடைக்கிறதே, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, அது இல்லை. இரும்புத் தட்டின் மேல் நான்கு கண்ணாடி வால்வுகள், பின்னால் செங்கல் பருமனில் மூன்று டிரான்ஸ்பார்மர்கள். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சென்னையிலிருந்து ஒவ்வொரு சாமானாக வரவழைத்து, இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தரையில் உட்கார்ந்து அவரே செய்தது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிக்கும் வேலை அவருக்கு. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வரும், திரும்பி வர ஏழாகும்.

பெட்டி நன்றாகப் பாடும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரச்சினை பாட்டில் இல்லை, அதை அணைப்பதில் இருந்தது. வால்வை அணைக்கவே கூடாது என்பது அவர் கட்சி. அணைத்தால் உள்ளே இருக்கும் இழை குளிர்ந்து சுருங்கும், போட்டால் சூடாகி விரியும், ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடுவதும் அதன் மண்டையில் ஒரு அடி. அதனால் பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்கட்டும் என்பார். இதே பைத்தியம் பிடித்தவர்கள் அவர் போனில் ஒரு குழுவாக இருந்தார்கள். பாதிப் பேர் அணை என்பார்கள், பாதிப் பேர் அணைக்காதே என்பார்கள். பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல நேரமில்லாத மனுஷன், அங்கே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார்.

என் கட்சி சின்னது. சாயங்காலம் டீ குடிக்க வேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்து அடுப்பை எரியவிடுவார்களா? திருப்பதி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு இருந்தது இரண்டு அறை. முன்னறையில்தான் என் தையல் மிஷின், அதற்கு நாலடி தள்ளி அந்தப் பெட்டி. சித்திரை மாதத்தில் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்க, முதுகுப் பக்கம் அது தகதகவென்று எரிந்துகொண்டிருக்கும். துணியில் வியர்வை சொட்டும். கேட்க ஆளில்லாமல் ஒரு சாமான் எரிகிறது, அதன் பக்கத்தில் நான் வேகிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் அணைத்துவிட்டேன். அவர் வந்ததும் செய்கிற முதல் காரியம், செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த டிரான்ஸ்பார்மர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் அப்படிக் கை வைத்ததில்லை. அன்றும் வைத்தார். சில்லென்று இருந்தது. திரும்பின வேகத்தில் என் கன்னத்தில் ஒன்று விட்டார். இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. நான் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. கையில் இருந்த கத்தரிக்கோலை வீசினேன், அது குறி தப்பிக் காலண்டரைக் கிழித்தது. அவர் என் கொண்டையைப் பிடித்தார், நான் அவர் முன்னங்கையைக் கடித்தேன். விடவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்த பிறகுதான் விட்டேன். அவருக்கு மூன்று தையல். கம்பெனியில் நாய் கடித்தது என்று சொல்லிக்கொண்டாராம். இதை அவரே ஒரு நாள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். அப்படியும் இருந்தோம்.

அன்று சிரிக்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறி சித்தூர் போய்விட்டேன். அங்கே எங்கள் தெருவில் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவர் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவரிடம் போய் நியாயம் கேட்டேன். வால்வுக்கும் ஆயுசு உண்டு, சும்மா எரிந்தாலும் தேயும், இரண்டு மணி நேரம் கேட்கப் போவதில்லை என்றால் அணைப்பதுதான் நல்லது, ஆள் இல்லாத வீட்டில் எரியவிடுவதோ ஆபத்து என்றார். எனக்கு அது போதும். ஜெயித்துவிட்டேன். "இன்னொண்ணு கேட்டுக்கினு போம்மா, ஸ்பீக்கர் ஒயரு விஷயம்" என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். நான் அதற்குள் படி இறங்கிவிட்டேன். என் கட்சிக்கு வேண்டியது கிடைத்த பிறகு மீதியை யார் கேட்கிறார்கள்?

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தேன். நான் இல்லாத அந்த மூன்று நாளும் பெட்டி ராப்பகலாக எரிந்து, ஒரு வால்வு செத்துப் போயிருந்தது. லோ வோல்டேஜ் என்றார். வால்வு மாற்றினதைக் குழுவில் எழுதவும் இல்லை.

வாயால் சொன்னால் மறுபடி அடிதடிதான். அதனால் சொல்லாமலே செய்தேன். காலையில் கம்பெனி பஸ் கிளம்பின சத்தம் கேட்டதும் போய் அணைப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடுவேன். இரும்பு சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். போட்டதும், அதில் மாட்டியிருந்த பழைய போனில் ஒரு பாட்டு வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துவேன். அவர் வந்து கை வைப்பார். சூடாக இருக்கும். முகம் மலரும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு மாதம் இப்படி நடந்தது. வீட்டில் சண்டையும் குறைந்தது. மடியில் தலை வைத்துப் பாட்டுக் கேட்கிற அளவுக்கு நல்லாகவே இருந்தோம். குழுவில் அவர் எழுதினதைக் காட்டினார்: என் பெட்டியை இத்தனை மாதமாக ஒரு நிமிஷம்கூட அணைக்கவில்லை, வால்வுகள் புதுசுபோல் இருக்கின்றன, அணைக்கச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். பதில் சொல்ல வேண்டியவள் நான், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குள்ளே அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஒரு மாசி மாதத்து நாள். வீடு துடைக்கலாம் என்று ஸ்பீக்கர் இரண்டையும் நகர்த்தினேன். ஒயர் இடித்தது, பின்னால் கழற்றிவிட்டேன். துடைத்து, காய்ந்து, ஸ்பீக்கரை மறுபடி வைத்தேன். ஒயரை மாட்ட மறந்துபோனேன். ஐந்து மணிக்கு ஸ்விட்ச் போட்டேன். வால்வுகள் சிவந்தன. பாட்டு வைத்தேன், சத்தம் இல்லை. சத்தம் கூட்டுகிற குமிழைத் திருப்பினேன், இல்லை. இது என்ன சனியன் என்று கோபம் வந்து, கடைசி வரைக்கும் முறுக்கி, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன். உள்ளே பட்பட்டென்று வெடித்தது. ஒரு டிரான்ஸ்பார்மரின் அடியில் நீலமாகத் தீப்பொறி தெறித்தது. கருகின வார்னிஷ் நாற்றம் அறை முழுக்க ஏறியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினபோதுதான் ஒயர் தரையில் கிடப்பதைப் பார்த்தேன். சித்தூர்க்காரர் சொல்ல வந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. ஸ்பீக்கர் மாட்டாமல் இந்த மாதிரிப் பெட்டியைப் பாட வைக்கக் கூடாதாம். போகிற இடம் இல்லாத சத்தம் உள்ளேயே திரும்பி அடிக்குமாம்.

ஒயரை மாட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் சாம்பிராணி போட்டேன். பிளக்கைச் செருகி ஸ்விட்சை மறுபடி போட்டு வைத்தேன். வால்வுகள் ஒன்றும் தெரியாததுபோல் எரிந்தன.

ஏழு மணிக்கு வந்தார். கை வைத்தார். பாட்டு வைத்தார். ஒன்றும் வரவில்லை. குனிந்து மோந்து பார்த்தார், பெட்டியைத் திருப்பினார், அடித்தட்டில் கருப்பாகத் தார்போல் வடிந்திருந்ததைத் தொட்டார். கத்தவில்லை. அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, கத்தாமல் கேட்டால்தான் பயம்.

"எப்ப நின்னுச்சு?" என்றார்.

"எனுக்கு இன்னா தெரியும். மத்தியானம் கரண்டு போய்ப் போய் வந்துக்கினு இருந்துச்சு."

அது பொய்யில்லை. இரண்டு தடவை போய் வந்தது. ஆனால் அடுத்து அவர் கேட்டார், "தெருவுக்கே போச்சா, நம்ம வூட்டுக்கு மட்டுமா?"

தெருவுக்கே போனது. எதிர்வீட்டு மாவு மிஷின்கூட நின்றது, எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கை பெட்டியின் மேல் முறுக்கிக்கொண்டு இருந்தது. "நம்ம வூட்டுக்கு மட்டுந்தான் போல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன். மேல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். ஏர்பேடு பக்கத்துக்காரர்கள், தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ். அந்த மனுஷனுக்குத் திருப்பதி மலையில் மொட்டை அடிக்கும் வேலை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், பில்லில் பாதி அவர்கள் தலையில். இந்தப் பெட்டியை அணைக்கச் சொல்லி அவர் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். கடைசித் தடவை, அணைக்காவிட்டால் ஒரு நாள் நானே பியூஸைப் பிடுங்கிவிடுவேன் சார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மாடிப்படிக்குக் கீழே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு வீட்டு பியூஸும் இருந்தன.

என் புருஷன் படி ஏறினார். மேலே கதவு இடிபடும் சத்தம் கேட்டது, பாத்திரம் உருண்டது. அடுத்த நிமிஷம் மேல் வீட்டுக்காரரைச் சட்டையோடு பிடித்துப் படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். மெலிந்த ஆள். படியின் விளிம்பில் முதுகு ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு வந்தது. கீழே போட்டு விலாவில் இரண்டு உதை. அந்த அம்மா பின்னாலேயே ஓடி வந்து ஒரு சொம்பால் என் புருஷன் தலையில் ஓங்கி அடித்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை, ஒரு தள்ளு தள்ளினார், அந்த அம்மா தண்ணீர்த் தொட்டிமேல் போய் விழுந்தார்.

பியூஸ் பெட்டியைத் திறந்து, "எந்தக் கையால புடுங்கன?" என்று கேட்டார்.

"நேனு காது சார். நான் இல்ல சார், தொடவே இல்ல சார்."

என் புருஷன் அவருடைய வலது கையைப் பிடித்து அந்த இரும்புச் சட்டத்தில் வைத்தார். கதவை ஓங்கிச் சாத்தினார். ஒரு தடவை. கதவு மூடவில்லை, விரல் தடுத்தது. மறுபடி சாத்தினார். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். பிறகு அந்த மனுஷன் போட்ட அலறலில் தெருவே கூடியது. நான் எங்கள் வாசப்படியில் நின்றிருந்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒட்டவில்லை. சொன்னால் அந்தக் கதவில் என் கை இருக்கும் என்று நினைத்தேன்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நொறுங்கிவிட்டன. கத்தி பிடிக்கிற விரல்கள். பெரியாஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்தார்கள். போலீஸ் கேஸ் ஆனால் என் புருஷனுக்குக் கம்பெனி வேலை போய்விடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டு ஓனருக்குத் தன் வீட்டுக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வழக்கு காணிப்பாக்கத்துக்குத்தான் போகும். பிள்ளையார் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்தோடு சந்நிதியில் நின்று சத்தியம் பண்ண வேண்டும். அங்கே பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது என்று திருட்டுப் பயல்கூட நம்புவான். பியூஸைத் தொடவில்லை என்று மேல் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணினால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க எங்களது, மன்னிப்பும் கேட்க வேண்டும், கேஸ் கிடையாது என்று ஓனர் பேசி முடித்தார். என் புருஷன் உடனே ஒத்துக்கொண்டார். "அவன் தண்ணில எறங்கமாட்டான், பாத்துக்கினே இரு" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை என் வார்த்தை மேல்.

ஓனர் காரிலேயே ஐந்து பேரும் போனோம். அந்த மனுஷன் கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மனைவி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மூன்று முழுக்குப் போட்டார். தயங்கவே இல்லை. என் புருஷன் முகம் கறுத்துப் போயிற்று. கரையேறினதும் ஓனர் என் பக்கம் திரும்பினார். சம்பவத்தன்று வீட்டில் இருந்தது நீங்கள் ஒருத்தர்தான், கரண்ட் உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் போனது என்று நீங்களும் முழுகிச் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் புருஷன் என்னைப் பார்த்தார். போ, போய்ச் சொல்லு, எனக்கு நீதானே சாட்சி என்று அந்தப் பார்வை சொன்னது.

இறங்கினேன். முழங்கால் வரை, இடுப்பு வரை. முழுக முடியவில்லை. சாமிக்குப் பயந்தேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். எனக்குச் சாமியைவிட அந்தக் கட்டுப் போட்ட கைதான் பயமாக இருந்தது. தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயர், குமிழ், தீப்பொறி, சாம்பிராணி. தெருவுக்கே கரண்ட் போனதை. பதினோரு மாதமாகக் காலையில் அணைத்துச் சாயங்காலம் போட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாய் நிற்கவில்லை.

அந்த அம்மா படி இறங்கி வந்து என்னை அறைந்தார். ஈரக் கை, பளாரென்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. உதடு கிழிந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் கை மேலே எழவில்லை.

என் புருஷன் என்னை அடிக்கவில்லை. "பதினோரு மாசமும் அணைச்சியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கதவைச் சாத்தின அந்தக் கையைக் குளத்துப் படிக்கல்லில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். முட்டி எல்லாம் உரிந்து கல்லில் ரத்தம் படிந்தது. ஓனரும் வழியில் போன இரண்டு பேருமாகப் பிடித்து நிறுத்தினார்கள்.

சமாதானம் நிற்கவில்லை. அவர்கள் கேஸ் கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். கம்பெனி வேலை போயிற்று. இப்போது ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறார். பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பழுது பார்க்கச் சித்தூருக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு தடவை சொன்னேன், அவர் அதை எடுக்கவில்லை. குழுவில் இப்போதும் யாராவது அணைக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர் எழுதுவதில்லை. என்மேல் கை நீட்டுவதும் இல்லை. ஆனால் சாதம் வெந்துவிட்டது என்று நான் சொன்னாலும் எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். அதற்கு அடியே தேவலை.

போன மாதம் மேல் வீட்டுக்காரர்கள் ஏர்பேடுக்கே போய்விட்டார்கள். அந்த விரல்கள் மடங்குவதில்லை, மலை வேலை போனதுதான். சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றின பிறகு அவர் இடது கையில் ஒரு பையோடு படி இறங்கி வந்தார். குளத்தில் ஒரு வார்த்தை பேசாதவர், அதற்குப் பிறகும் என்னிடம் பேசாதவர், எங்கள் வாசலில் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"சத்தியம் பண்ற எடத்துல நிஜம் சொன்னியேம்மா, நல்லதுதான்" என்றார். "அன்னிக்கு ரெண்டு தபா கதவ சாத்துனாரு. மொத தபா விரலு ஒடையல. நடுவுல நான் உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அன்று நின்ற அதே படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் பையை வண்டியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.